பதினோரு உறைகள், நான்கு கட்டணங்கள்

தில்லியில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் ஒரு மாணவியின் செலவுப் பட்டியல், சென்ற குளிர்காலத்தில் கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. அஞ்சல் செலவு என்ற தலைப்பின்கீழ் பதினோரு ரசீதுகள் இணைக்கப்பட்டிருந்தன. அவற்றின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது: பொருள் ஒன்றே, வட்டாரம் ஒன்றே, சேவையும் ஒன்றே, கட்டணம் மட்டும் நான்கு விதமாக இருப்பதற்கு விளக்கம் தேவை. விளக்கம் வரும்வரை முழுப் பட்டியலும் நிறுத்தி வைக்கப்படும் என்று அதன் கீழே எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்கள்.

அனுப்பப்பட்டவை சிறிய உறைகள். உட்புறம் காற்றுக் குமிழ்த் தாள் ஒட்டிய, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய, கடைக்காரர்கள் ‘பபிள் கவர்’ என்று சொல்லும் உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பென் டிரைவ், இரண்டு தாள் கடிதம், மூன்று புகைப்படங்கள். போய்ச் சேர வேண்டிய இடம் சத்தீஸ்கரின் தென்கோடியில் உள்ள பஸ்தர் பகுதிச் சிற்றூர்கள்.

அந்த ஊர்களில் பேசப்படும் துருவா மொழியே மாணவியின் ஆய்வுப் பொருள். மொழியியல் நூல்களில் அதன் பெயர் பர்ஜி. டி. பர்ரோவும் எஸ். பட்டாச்சார்யாவும் 1953-இல் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டிருக்கிறார்கள். தமிழில் ‘கல்’ என்பது அங்கே ‘கெல்’; ‘பல்’ என்பது ‘பெல்’; ‘பால்’ என்பது ‘பேல்’. தமிழ் காதுக்கு முதலில் கொச்சையாகவோ பிழையாகவோ தோன்றக்கூடிய இந்த மாற்றம், சில குறிப்பிட்ட மெய்களுக்கு முன்னால் மட்டும் ஒழுங்காக நிகழும் ஒலிமாற்றம். அந்த ஒழுங்கைத்தான் மாணவி மூன்றாண்டுகளாகக் கதைகளிலும் பேச்சிலும் தேடிக்கொண்டிருந்தார்.

கதை சொன்னவர்கள் பன்னிரண்டு பேர். பதிவுக் கருவியை இயக்குவதற்கு முன், ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது: உங்கள் குரலின் படி ஒன்று உங்கள் கைக்கு வந்து சேரும். களப்பணி செய்தவர்கள் எல்லாரும் அறிந்த வாக்குறுதி இது. நிறைவேற்றப்படாத வாக்குறுதிகளில் முதலிடமும் இதற்கே. பல ஊர்களில் கைபேசிக்குச் சீரான இணைப்பு இல்லை. ஆனால் பென் டிரைவ் செருகிப் பாட்டுக் கேட்கும் சிறிய ஒலிபெருக்கி பல வீடுகளில் இருந்தது. ஆகவே பென் டிரைவ், ஆகவே குமிழ் உறை.

ஒரு கதையைத் திருத்திப் படியெடுத்து முடிக்கும்போதெல்லாம் ஓர் உறை அனுப்பப்பட்டது. போய்ச் சேர்ந்ததா என்று தடம் பார்க்கும் வசதி வேண்டும் என்பதால் விரைவு அஞ்சலே வழி. பதிவு அஞ்சல் 2025 செப்டம்பர் 1 முதல் தனிச் சேவையாக இல்லாமல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவு அஞ்சலுக்கும் அக்டோபர் 1 முதல் புதிய கட்டணம் வந்தது. ஓரிரு மாதங்களில், வகுப்புக்குப் போகும் வழி, நூலகத்திலிருந்து திரும்பும் வழி என்று அன்றன்று வசதிப்பட்ட மூன்று அஞ்சலகங்களிலிருந்து பதினோரு உறைகள் புறப்பட்டன. வரி நீங்கலாக, ஐந்து உறைகளுக்குத் தலா 47 ரூபாய். இரண்டுக்கு 42 ரூபாய் 30 காசு. மூன்றுக்கு 72 ரூபாய். ஒன்றுக்கு இவை எதனோடும் பொருந்தாத வேறொரு தொகை.

சிவப்பு மைக் குறிப்பைப் படித்தவுடன் மாணவிக்கு வந்தது கோபம். கவுண்டரில் இருப்பவர்கள் தம் விருப்பம்போல் வசூலிக்கிறார்கள், அதற்குத் தண்டனை தனக்கா என்பதே அன்றைய எண்ணம். விடுதி அறைத் தோழிகளும் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் தபால் ஆபீஸ் கதை ஒன்று இருந்தது.

மறுநாள் காலையில் இளநிலை மாணவர்களுக்கு அவர் எடுக்க வேண்டியிருந்த பாடம், வேடிக்கையாக, கார்ல் வெர்னரைப் பற்றியது. கிரிம் வகுத்த ஒலிவிதிக்கு அடங்காத சொற்கள் நெடுங்காலம் விதிவிலக்குகள் என்று ஒதுக்கப்பட்டிருந்தன. 1870-களில் வெர்னர் அவற்றை ஒன்றாக அடுக்கி வைத்துப் பார்த்தார். தொல் மொழியில் அசையழுத்தம் எங்கே விழுந்தது என்ற ஒரு சூழலைச் சேர்த்துக்கொண்டதும், விலக்கு என்று கருதப்பட்டவை தமக்கென ஒரு விதிக்குள் வந்து அமர்ந்தன. விலக்கு போலத் தோன்றும் ஒன்றுக்குப் பின்னால், யாரும் குறித்து வைக்காத ஒரு சூழல் இருக்கக்கூடும் என்பதே அன்றைய பாடத்தின் சாரம். பாடம் முடிந்ததும் மாணவி பதினோரு ரசீதுகளையும் மேசைமேல் பரப்பினார்.

முதலில் வெளிப்பட்டது எடை. விடுதிச் சமையலறைத் தராசில் ஒவ்வோர் உறையும் 48 கிராம். உறை 14, பென் டிரைவ் 9, கடிதம் 10, படங்கள் 12, ஒட்டுநாடாவும் முகவரித் தாளும் 3. புதிய அட்டவணைப்படி 50 கிராம் வரை, உள்ளூர் அல்லாத எந்த ஊருக்கும் 47 ரூபாய்தான். தொலைவு கணக்கில் வராது. 50-ஐத் தாண்டினால் 250 கிராம் வரை அடுத்த படி. அங்கே தொலைவும் சேர்ந்துகொள்கிறது. தில்லியிலிருந்து பஸ்தர் 1001 முதல் 2000 கிலோமீட்டர் வரையிலான பிரிவில் வருவதால் 72 ரூபாய். எழுபத்திரண்டு என்றிருந்த மூன்று ரசீதுகளிலும் எடை 51 கிராம் என்று அச்சாகியிருந்தது. அந்த மூன்று உறைகளுக்கும், வாய் பிரிந்துவிடக் கூடாது என்று கடைக்காரர் அன்போடு மேலும் ஒரு சுற்று நாடா ஒட்டிக் கொடுத்திருந்தார். மூன்று கிராம் நாடாவின் விலை 25 ரூபாய்.

இரண்டாவது, சலுகை. புதிய கட்டணத்தோடு மாணவர்களுக்கு 10 விழுக்காடு தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது. 47-இல் பத்தில் ஒரு பங்கு போனால் 42 ரூபாய் 30 காசு. அந்த இரண்டு உறைகளை வாங்கிய எழுத்தர், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் தாமாகவே கேட்டிருந்தார். மற்ற நாள்களில் அட்டை பைக்குள் இருந்தது. யாரும் கேட்கவில்லை, மாணவியும் சொல்லவில்லை. அப்படியொரு சலுகை இருப்பதே அவருக்கு அந்த ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

எஞ்சிய ஒன்றுதான் கடினமானது. அந்த உறையும் 48 கிராமே. ஆனால் அதை வாங்கியவர் விரல்களால் அழுத்திப் பார்த்து, உள்ளே இருப்பது காகிதம் இல்லை, பொருள் என்று சொல்லி, ஆவணம் என்ற பிரிவிலிருந்து பார்சல் என்ற பிரிவுக்கு மாற்றியிருந்தார். அவர் சொன்னதில் தவறில்லை. உள்ளே ஒரு பொருள் இருக்கத்தான் செய்தது. ஆவணமாக ஏற்றுக்கொண்டவர்களிடமும் குறை காண முடியாது. கடிதமும் படங்களும் கொண்ட, மெல்லிய, 50 கிராமுக்குட்பட்ட ஓர் உறை அது. கடிதம், புத்தகம், பார்சல் என்று பிரிக்கப்பட்ட உலகத்தில் குமிழ் உறைக்கென்று தனி இடம் இல்லை. எந்த இடம் என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு கை அழுத்திப் பார்த்து முடிவு செய்கிறது. உள்ளிருப்பதைக் காக்கும் அதே மெத்தைதான் அந்தக் கையின் ஐயத்தையும் எழுப்புகிறது.

இந்த இடத்தில் மாணவிக்குத் தம் சொந்த ஆய்வேடு நினைவுக்கு வந்தது. பதிவுகளில் கேட்ட ஓர் உயிரொலியை அவர் ‘எ’ என்று குறித்திருந்த பல இடங்களில், உதவிக்கு அமர்த்திய மற்றொருவர் ‘அ’ என்று குறித்திருந்தார். எழுத்தரின் விரலும் ஆய்வாளரின் காதும் செய்யும் வேலை ஒன்றே. ஆய்வேட்டில் அந்த வேறுபாடுகளுக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. எந்த அடிப்படையில் ஒரு பக்கம் முடிவு செய்யப்பட்டது என்று அங்கே எழுதியாக வேண்டும். ரசீதில் அதற்கு இடமில்லை. தொகை இருக்கிறது, எடை இருக்கிறது. இந்தப் பிரிவுதான் என்று முடிவு செய்ததற்கான காரணம் இல்லை.

அஞ்சல் வரலாற்றில் இத்தகைய குழப்பம் ஒருமுறை தீர்க்கப்பட்டிருக்கிறது. 1854-க்கு முன் இந்தியாவில் கடிதக் கட்டணம் தொலைவைப் பொறுத்து ஏறிக்கொண்டே போயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில், கால் தோலா எடையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் அரையணா என்று ஆயிற்று. கால் தோலா என்பது மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடைக்காரர் ஒட்டிய நாடாவின் எடைதான். அனுப்புகிறவர் வீட்டிலேயே கணக்கிட்டுத் தலையை ஒட்டிவிடலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதே அந்தச் சீர்திருத்தத்தின் பெரும் நன்மை. கட்டணம் குறைந்தது ஒருபுறமிருக்க, அது முன்கூட்டியே தெரிந்தது.

வேறொரு வழியும் இருப்பதாக மூன்றாம் அஞ்சலகத்தின் எழுத்தர் சொல்லியிருந்தார். 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை நடைமுறையில் இருக்கிறது. அச்சிட்ட கல்வி, பண்பாட்டு நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கு அனுப்பலாம். இந்தக் கதைகளைப் புத்தகமாக்கி அனுப்பலாமே என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் கதை சொன்னவர்களில் பெரும்பாலோர் படிக்கத் தெரியாதவர்கள். மொழிக்கும் அச்சு மரபு மிகச் சிறிது. தாளில் ஏறிய சொல்லுக்கு மலிவான ஒரு வழி உண்டு. குரலாக மட்டுமே இருக்கும் சொல், பொருளா ஆவணமா என்ற கேள்வியைக் கவுண்டர்தோறும் சந்தித்தபடியே போக வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, அட்டவணையின் படியையும் இணைத்து, மாணவி கணக்குப் பிரிவுக்குக் கொடுத்தார். பத்து ரசீதுகள் ஏற்கப்பட்டன. பார்சல் என்று போடப்பட்ட ஒன்றுக்கு மட்டும் பணம் தர மறுத்துவிட்டார்கள். அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை.

வருத்தம் இருந்தது பன்னிரண்டாவது உறையைப் பற்றி. பதினோரு உறைகள் போன பிறகு ஒன்று மிஞ்சியிருந்தது. கதை சொன்னவர்களில் மூத்தவரான ஒரு பாட்டியின் பதிவு அது. நீளமானது என்பதால் கடைசியில்தான் முடிந்தது. சிவப்பு மைக் குறிப்பு வந்த நாளிலிருந்து விளக்கம் ஏற்கப்பட்ட நாள்வரை, ஐந்து வாரங்கள், முகவரி எழுதிய அந்த உறை மேசையிலேயே கிடந்தது. கணக்குத் தீரட்டும், பிறகு அனுப்பலாம் என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். ஐம்பது ரூபாய் கையில் இல்லாமல் இல்லை. தமக்கு நேர்ந்த அநீதியைப் பற்றி எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்த அந்த ஐந்து வாரங்களில், காத்திருந்தவர் தாம் மட்டுமில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

பிறகு நாடாவின் ஒரு சுற்றைப் பிரித்து, 47 கிராம் என்று உறுதி செய்துகொண்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். உறையை நீட்டுவதற்கு முன்பே உள்ளே இருப்பது என்ன என்று சொல்லி, எந்தப் பிரிவில் போடுவீர்கள் என்று கேட்டார். எழுத்தர் மேலாளரிடம் ஒரு சொல் கேட்டுவந்து ஆவணம் என்றார். 42 ரூபாய் 30 காசு, வரி தனி.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. விடுதிப் பள்ளியில் படிக்கும் பேத்தி இந்தியில் எழுதியிருந்தாள். பாட்டி பதிவை மூன்று முறை கேட்டாராம். கதையின் முடிவைத் தாம் மாற்றிச் சொல்லிவிட்டதாகவும், இளையவளுக்கு நேர்ந்ததை மூத்தவள்மேல் ஏற்றிவிட்டதாகவும், அடுத்த முறை வந்தால் சரியாகச் சொல்வதாகவும் தெரிவிக்கச் சொன்னாராம். அந்தக் கதை ஆய்வேட்டின் நான்காம் இயலில் பதினேழு மேற்கோள்களுடன் இடம்பெற்றிருந்தது. கதைப் போக்கைப் பற்றிய ஒரு முடிவும் அதை நம்பியே நின்றது. இயலைத் திருத்தியாக வேண்டும். பதிவு திரும்பிப் போகாமலிருந்திருந்தால் அந்தப் பிழை அச்சேறி, மேற்கோளாகி, நிலைத்திருக்கும்.

கடிதம் வந்தது சாதாரண வெள்ளை உறையில். மேலே ஒரேயொரு ஐந்து ரூபாய் அஞ்சல்தலை. 20 கிராம் வரை எந்த ஊருக்கும் அதுவே கட்டணம் என்பதைப் பேத்தி அறிந்திருந்தாள். கிளை அஞ்சலகத்தில் எவரும் எதையும் அழுத்திப் பார்க்க நேர்ந்திருக்காது.