இருபது பேணிகள்

வவுனியா, நொச்சிமோட்டைப் பக்கம். ஏ9 வீதியிலிருந்து இறங்கும் செம்மண் ஒழுங்கை. வேப்பமரம், அரைச்சுவர், தகரக் கூரை. முன்பள்ளி.

வாசலில் இருபது சோடிச் செருப்பு. ஒரு சோடி இடம் வலம் மாறிக் கிடக்கிறது.

உள்ளே பாய். பாயில் குளத்துக் களிமண். ஒரு பொடியன் மாடு செய்கிறான். கால் மடங்கி விழுகிறது. மறுபடி உருட்டுகிறான். மறுபடி விழுகிறது. ரீச்சர் பக்கத்தில் குந்தியிருக்கிறார். கை கொடுக்கவில்லை. நாலாம் முறை மாடு நிற்கிறது. பொடியன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கன்று செய்யத் தொடங்குகிறான்.

மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே ஒரு தகப்பன் கேட்கிறார்.

“இன்னும் எழுதப் பழக்கேல்லையோ ரீச்சர்?”

“விரல் உரம் பிடிக்கட்டும். எழுத்து வரும்.”

அவர் தலையாட்டுகிறார். பார்வை எதிர்மதிலில் நிற்கிறது. புலமைப்பரிசில் வகுப்பு விளம்பரம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் புள்ளி.

மூலையில் ஒரு சிறுமி. வந்து மூன்று கிழமை. ஒரு சொல் பேசவில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. மடியில் சிரட்டை. சிரட்டையில் பயற்றை முளை, இரண்டு இலை.

வேலிக்கரையில் அவளுடைய அம்மாயி. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பம். குமரியாக இருந்த காலத்தில் காந்தியம் என்ற அமைப்பு நடத்திய முன்பள்ளியில் அவரும் ரீச்சர். பிள்ளைக்கு முதலில் பால், பிறகு பாட்டு. காந்தியத்தைத் தொடங்கியவர்கள் டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும். டொக்டர் 1983 ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட் 2015இல் கிளிநொச்சியில் கண்மூடினார். அம்மாயி இன்றைக்கும் பிள்ளைகளின் கையைப் பிடித்து நகம் பார்க்கிறார்.

பத்து மணி. இலைக்கஞ்சி. வல்லாரை, முசுட்டை, தேங்காய்ப்பால். இன்று முறைக்கு வந்த தாய் அகப்பையால் வார்க்கிறார். இருபது வாயிலும் பச்சை மீசை. மண் பிசைந்த பொடியன் இரண்டாம் தரம் நீட்டுகிறான். கிடைக்கிறது.

அவரவர் பேணியை அவரவரே கழுவ வேண்டும். அம்மாயி வாங்கிக் கவிழ்க்கிறார். எண்ணுகிறார். பத்தொன்பது. மறுபடி எண்ணுகிறார். பத்தொன்பது.

பேத்தி பாத்தியடியில் நிற்கிறாள். சிரட்டை காலியாகக் கிடக்கிறது. முளை மண்ணுக்கு மாறிவிட்டது. பேணித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறாள்.

அம்மாயி கூப்பிடவில்லை. துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இருபதாவது பேணிக்காக நிற்கிறார்.