இறக்கத்தின் வலி

மலைக்குப் போய்வந்த மறுநாள் என் மருந்துக்கடைக்கு வருபவரை நடையிலேயே கண்டுகொள்ளலாம். படி ஏறும்போது சமாளித்துவிடுவார். இறங்கும்போதுதான் சுவரைப் பிடிப்பார்.

போடியில் இந்த வலியோடு இரண்டு வகையினர் வருகிறார்கள். டாப் ஸ்டேஷன் பக்கமிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கிய இளைஞர்கள் ஒரு வகை. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் ஏலக்காய் எடுத்துத் திரும்பும் பெண்கள் இன்னொரு வகை. ஏலச்செடி ஆளுயரம் தாண்டி வளர்ந்தாலும் காய் தூரடியில், தரையோடு படர்ந்த சரத்தில்தான் இருக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து எழுந்து, சரிவில் சுமையோடு இறங்க வேண்டும். பருவத்தின் முதல் எடுப்பில் தொடையும் கெண்டைக்காலும் கல்லாக இறுகிவிடும்.

இரு சாராரும் கேட்பது ஒன்றையே: “அண்ணே, மேலு வலிக்கு ஒரு செட்டு குடுங்க.”

செட்டு என்றால் பெயரில்லாமல் பொட்டலம் கட்டிய மாத்திரைகள். வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சில இடங்களில் ஸ்டீராய்டும் சேரும். நான் கட்டித் தருவதில்லை. டைக்ளோஃபினாக்கை மருத்துவர் சீட்டில்லாமல் கொடுப்பதுமில்லை.

ஏற்றத்தில் தசை சுருங்கி உழைக்கிறது. இறக்கத்தில் உடல் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. அந்த இழுப்பில் நுண்ணிழைகள் சிதைகின்றன. வலி 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, மூன்று நாளுக்குள் உச்சம் தொடும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்று ஜிம்முக்குப் போகும் தம்பிகள் சொல்வார்கள். அது ஓரிரு மணி நேரத்திலேயே தசையைவிட்டுப் போய்விடும்.

ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வலியைத் தணிக்கின்றன என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். 1982-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் அதே வழிதான். ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்ப்பதும் அந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். ஒதுங்க இடமில்லை என்பதால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் காய் எடுக்கும் பெண் வெறும் வயிற்றில் இந்த மாத்திரையை விழுங்கினால் எத்தனை பெரிய ஆபத்து!

அதனால்தான் கேள்விகளை என் தொழிலின் பாதியாக நினைக்கிறேன். வலி எப்போது தொடங்கியது? இரண்டு காலிலுமா? பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை உண்டா? காய்ச்சல் இருந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஐபுபுரூஃபன் வகையே கூடாது. சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் தசைச் சிதைவு சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம். மாத்திரை தராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன்.

இந்த ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால், ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இல்லாத பெரியவருக்கு, இரவு சாப்பிட்டபின் பாராசிட்டமால் 650 ஒன்று. ஓரிரு இரவு போதும். அது வலியைத் தணித்துத் தூங்கவிடும், தசையைச் சீக்கிரம் ஆற்றாது. மறுநாள் கொஞ்சம் நடக்கச் சொல்வேன். சில வாரங்களில் அதே சரிவில் இறங்கிப் பார்த்தால் வலி முன்புபோல இருக்காது. உடம்பு அப்படிப் பழகிக்கொள்வதை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

மலையேறுகிற தம்பிகளே, வலி வருமுன்பே மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். தோட்ட உரிமையாளர்களே, காய் எடுக்க வருகிறவர்களுக்குக் குடிதண்ணீரும் கழிப்பறையும் செய்துகொடுங்கள்.