மணத்தின் நிறம்

ஆரஞ்சுத் தோலை உரிக்கையில் எழும் மணத்தைத் தூய்மையின் அடையாளமாகவே கருதி வந்திருக்கிறோம். அம்மணத்தின் பெரும்பகுதி லிமோனீன் என்னும் சேர்மம். காற்றிலுள்ள ஓசோன் தீண்டினால் அது நுண்ணிய கரிமத் துகள்களாகத் திரளும்; அவை ஏறக்குறைய நிறமற்றவை. ஆய்வகத்தில் அவற்றோடு அம்மோனியா சற்றே கலந்ததும், மணிக்கணக்கில், மெல்ல மெல்லப் பழுப்பேறியதை 2010இல் வெளிவந்த கட்டுரையொன்றில் வாசித்துத் துணுக்குற்றோம். (தோசை முறுகிச் சிவப்பதும் ஏறத்தாழ இக்குடும்பத்து வினையே.) வெளிறிய துகள் வெயிலைச் சிதறடிக்கும், பழுப்புத் துகளோ அதில் ஒரு பங்கை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். அம்மோனியா பெரிதும் எழுவது யூரியா இட்ட வயல்களிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும். ஆலைப் புகையைப் பழித்து ஆவேசமாக எழுதும் நாம் இதைச் சொல்கையில் மட்டும் குரல் தாழ்த்துகிறோம். உண்ட சோறும் குடித்த பாலும் கணக்கில் வந்துவிடுகின்றன.