ஓர் எண் கூட்டினால் போதுமா?

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் திறந்த ஆலை, குரோக்ஸ் காலணிகளைச் செய்கிறது. அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்தில் 2024 நவம்பரில் இன்னொரு காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்றது அரசு. பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற வானம் பார்த்த பூமியில், பெண்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே மாதச் சம்பளம் கிடைப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் காலணியைச் செய்வது ஒரு வேலை, அதைக் காலுக்குப் பொருத்துவது வேறு வேலை. இரண்டாவதைத் தொழில் என்று இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தக் குறை அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெண்ட் ஆலைகளிலும் உழைப்பவர்களின் காலில்தான் உறைக்கும். பாதுகாப்பு ஷூவின் முனையில் இருக்கும் இரும்புத் தொப்பி, தோலைப் போல நாளாவட்டத்தில் இளகிக் கொடுக்காது. சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதத்தை அளந்து, இந்தியப் பாதம் மேலைநாட்டுப் பாதத்தைவிட அகலம் என்று கண்டது. அகலம் போதாதபோது நாம் ஓர் எண் கூட்டி வாங்குகிறோம். விரல் பிழைக்கிறது; நீளம் மிஞ்சுகிறது. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் எழும்பி எழும்பி உட்கார, ஷூவின் பின்பக்க உள்துணி முதலில் கிழிகிறது, பிறகு தோல் கொப்புளிக்கிறது.

இதே போல வளைந்து கொடுக்காத பனிச்சறுக்கு பூட்டைப் பொருத்துபவர்கள் கண்டிப்பாகத் தவிர்ப்பது, இப்படி எண்ணைக் கூட்டுவதைத்தான். உள்ளுறையை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் கூட்டில் காலை விட்டு, குதிகாலுக்குப் பின்னே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்பார்கள். அகலம் இடித்தால் எண்ணைக் கூட்டுவதில்லை. கூட்டைச் சூடாக்கி, இடிக்கிற இடத்தை மட்டும் வெளியே தள்ளுவார்கள். அளவோடு, நிற்கும் விதத்தையும் பார்ப்பார்கள். கம்பிமேல் வழுக்கி, மேட்டிலிருந்து பாய்ந்து விளையாடும் பூங்காச் சறுக்கில் பின்பக்கமாகவும் தரையிறங்க வேண்டியிருக்கும். அதனால் பந்தய பூட்டைப் போல முழங்கால் அதிகம் முன்சாயாமல், எடை நடுப்பாதத்தில் நிற்கும்படி சரிசெய்வார்கள். அதிர்வு தாங்கக் குதிகாலின் கீழ் ஒரு துண்டு வைத்தாலும் சாய்வு மாறிவிடும். மறுபடி நிற்கவைத்துப் பார்ப்பார்கள்.

பனி விழாத ஊருக்கு இதெல்லாம் எதற்கு, குரோக்ஸுக்குப் பொருத்தம் பார்க்கவா ஆள் வேண்டும் என்று கேட்கலாம். குரோக்ஸுக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். வளைந்து கொடுக்காத காலணிக்குள் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு வேண்டும். செலவு யார் தருவது என்பது வலுவான கேள்விதான். ஷூவை வாங்கித் தருவது நிறுவனம். அகல அளவில் வகை வைத்து வாங்குவதும், கொடுக்கும் நாளில் காலின் நீளத்தோடு அகலத்தையும் அளப்பதும் அதன் பொறுப்பு. நுட்பம் தெரிந்தவர்களும் ஊரிலேயே இருக்கிறார்கள். சாலையோரம் செருப்புத் தைப்பவர், தேய்ந்த பக்கத்தைப் பார்த்தே நடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லி, தோலைச் சீவி உள்ளே ஒட்டித் தருகிறார். ஷூ வழங்கும் நாளில் அவரை ஆலை வாசலுக்கு அழைத்து, நாள்கூலி கொடுத்து உட்காரவைக்கலாம்.