டெலிகிராஃப், எம்க்யூடிடி, காணாமல் போன எட்டு மணி நேரம்

டெலிகிராஃப் என்றொரு மென்பொருள் இருக்கிறது. (டெலிகிராம் இல்லை!) இன்ஃப்ளக்ஸ்டேட்டா நிறுவனம் 2015-ல் வெளியிட்டது. கோ மொழியில் எழுதப்பட்டது, இலவசம். கணினியில் எவ்வளவு நினைவகம் மிச்சம், வட்டில் எவ்வளவு இடம் காலி என்ற மாதிரி எண்களைத் திரட்டி ஒரு தரவுத்தளத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இதன் வேலை. இந்த வகை மென்பொருளை ஏஜென்ட் என்கிறார்கள்.

வீடு வீடாகப் போய் கரண்ட் ரீடிங் எடுப்பவரைப் போன்றது இதன் வழக்கமான குணம். 10 வினாடிக்கு ஒரு தடவை கதவைத் தட்டும், மீட்டரைப் பார்க்கும், குறித்துக்கொண்டு போய்விடும். வீடு பூட்டியிருந்தால் அந்த ரீடிங் போச்சு, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதே டெலிகிராஃபை ஒரு செய்தி வரிசையின் முன்னால் உட்கார வைத்தால் கதை தலைகீழாகிவிடுகிறது. இப்போது அது யாரையும் தேடிப் போவதில்லை. வருகிற செய்தியை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது. சர்வீஸ் இன்புட் என்று இந்த வகைக்குப் பெயர். 10 வினாடிக் கணக்கு இங்கே படிப்பதற்குப் பொருந்தாது, தரவுத்தளத்தில் எழுதுவதற்கு மட்டும்தான். ஆள் இல்லாத நேரத்தில் வந்த தபாலுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. கான்ஃபிகரேஷன் கோப்பை நிரப்புகிற பலரும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. 'வரிசை' என்று பெயர் இருக்கிறதே, அதில் காத்திருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

அதிலும் எம்க்யூடிடி ஒரு வேடிக்கையான ஆசாமி. 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும் சேர்ந்து, எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க இதை உருவாக்கினார்கள். அலைவரிசைக்குக் காசு அதிகம் என்பதால் செய்தி சின்னதாக இருக்க வேண்டும், அதுதான் தேவை. பெயரில் உள்ள எம்க்யூ, ஐபிஎம்மின் எம்க்யூ சீரிஸ் என்ற பொருளிலிருந்து வந்தது. 2014-ல் ஓயாசிஸ் தரமாகவும் ஆகிவிட்டது. ஆனால் பெயரைப் பார்த்து வரிசையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நடுவில் இருக்கும் புரோக்கர், செய்தி வந்த கணத்தில் யார் இணைப்பில் இருக்கிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும். கேட்டால்தான் சேர்த்து வைக்கும்.

சரி, விஷயத்துக்கு வரலாம்.

கடைசி வருட மாணவன் ஒருவன் தன் விடுதியின் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றை வைத்தான். ஈஎஸ்பி 8266 சிப், மூடியில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். 30 வினாடிக்கு ஒரு செய்தி. வார்டன் அறையில் யூபிஎஸ்ஸோடு ஒரு ராஸ்பெர்ரி பை, அதில் மஸ்கிட்டோ என்ற புரோக்கர். ஆய்வகக் கணினியில் டெலிகிராஃப், இன்ஃப்ளக்ஸ்டிபி, படம் வரைய கிராஃபானா. ப்ராஜெக்ட் மார்க்குக்காக மட்டும் செய்யப்பட்டதல்ல இது. ராத்திரியில் தண்ணீரே வருவதில்லை என்று மாணவர்கள் சொல்ல, நீங்கள்தான் குழாயைத் திறந்து விட்டுத் தூங்கிவிடுகிறீர்கள் என்று விடுதி நிர்வாகம் சொல்ல, அந்தச் சண்டை மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. வரைபடம் தீர்ப்பு சொல்லும் என்று இரண்டு தரப்புமே காத்திருந்தது.

டெலிகிராஃப் பக்கத்து வேலை பத்து வரிதான். எம்க்யூடிடி கன்ஸ்யூமர் என்ற தலைப்பு, புரோக்கரின் முகவரி, 1883 என்ற போர்ட், எந்த டாபிக், தரவு ஜேசன் வடிவில் வரும் என்ற தகவல். இரண்டு இடத்தில் சின்னத் தடங்கல். மஸ்கிட்டோ 2.0 முதல், தனியாகச் சொல்லாவிட்டால் தன் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். லிசனர் வரியும் கடவுச்சொல்லும் சேர்த்த பிறகுதான் கருவி உள்ளே வர முடிந்தது. இன்னொன்று, டெலிகிராஃபை டெஸ்ட் மோடில் ஓட்டினால் ஒன்றுமே காட்டாமல் முடிந்துவிட்டது. பிழை எதுவும் இல்லை. இவ்வளவு வினாடி காத்திரு என்று டெஸ்ட் வெயிட் கொடுக்காவிட்டால், செய்தி வருவதற்குள் அது கடையைச் சாத்திவிடுகிறது. அதையும் சரிசெய்ததும் அன்று சாயங்காலமே வரைபடம் ஓடத் தொடங்கியது.

ஆய்வகத்தில் இரவு 10 மணிக்கு மெயினை அணைத்துவிடுவார்கள். காலை 6 மணிக்குத்தான் மறுபடி போடுவார்கள். சண்டையே அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றித்தான்!

மறுநாள் வரைபடத்தில் இடைவெளி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இடைவெளியே இல்லை. இரவு 10 மணிக்கு 80 சதவீதம், காலை 6 மணிக்கு 35 சதவீதம், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு சாய்வு. தரவுத்தளத்திலிருந்து வெற்று மதிப்பு எதுவும் வராததால் கிராஃபானா இரண்டு புள்ளிகளையும் நேராக இணைத்துவிட்டது. பார்ப்பவருக்கு ராத்திரி முழுக்கத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்த மாதிரிதான் தெரியும். 'பாருங்கள், குழாயை மூடவில்லை' என்றது நிர்வாகம். இல்லாத தரவு ஒரு தரப்புக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

காரணம் தேடினால், டெலிகிராஃபின் மாதிரிக் கோப்பிலேயே இருக்கிறது. கியூஓஎஸ் என்ற அமைப்பு 0. பெர்சிஸ்டென்ட் செஷன் என்பது 'இல்லை'. கிளையன்ட் ஐடி காலி. இந்த மூன்றும் சேர்ந்தால் புரோக்கருக்குக் கிடைக்கும் செய்தி: 'நான் போனால் என்னை மறந்துவிடு.' கியூஓஎஸ்ஸை 1 ஆக்கி, செஷனை நிலைக்க வைத்து, மாறாத ஒரு ஐடி கொடுத்தால்தான், இணைப்பு அறுந்த பிறகும் புரோக்கர் அந்தப் பெயரில் ஒரு வரிசை வைத்துக்கொள்ளும்.

மூன்றையும் மாற்றினான். அடுத்த நாள் காலையும் அதே நேர்கோடு!

இந்த இடத்தில்தான் பலர் டெலிகிராஃபைத் திட்டத் தொடங்குவார்கள். பாவம், தவறு அதன் மேல் இல்லை. எம்க்யூடிடியில் அனுப்புபவரின் கியூஓஎஸ், வாங்குபவரின் கியூஓஎஸ் இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். ஈஎஸ்பி சிப்பில் பலரும் போடுகிற பப்சப்கிளையன்ட் என்ற லைப்ரரியால் கியூஓஎஸ் 0-ல் மட்டுமே அனுப்ப முடியும். வாங்குபவர் 1 கேட்டு என்ன பயன்? சாதாரணத் தபாலில் போட்டதற்கு ஒப்புகைச் சீட்டு கேட்கிற கதை.

வழி இரண்டு. கியூஓஎஸ் 0 செய்திகளையும் வரிசையில் வை என்று மஸ்கிட்டோவுக்கு ஒரே வரியில் சொல்லலாம். அல்லது லைப்ரரியை மாற்றலாம். முதலாவது சுலபம், ஆனால் அரைகுறை. கியூஓஎஸ் 0-ல் ஒப்புகை என்பதே கிடையாது. கியூஓஎஸ் 1-ம் நிலைத்த செஷனும் இருந்தால், டெலிகிராஃபின் அண்மைப் பதிப்புகள் தரவுத்தளத்தில் எழுதி முடித்த பிறகுதான் புரோக்கருக்கு ஒப்புகை அனுப்புகின்றன. நடுவில் கரண்ட் போனால் செய்தி இன்னும் புரோக்கரிடம் பத்திரமாக இருக்கும். அவன் லைப்ரரியை மாற்றினான். ஒரு மாலை நேரம் போனது, போனால் என்ன.

மூன்றாம் நாள் காலை 6 மணிக்கு 960 செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. எட்டு மணி நேரம், மணிக்கு 120, கணக்கு கச்சிதம். ஆனால் வரைபடத்தில் 6 மணிக்கு நேரே ஒரு செங்குத்துச் சுவர்! செய்திக்குள் நேரம் இல்லை. எம்க்யூடிடியும் நேரத்தைச் சுமந்து வருவதில்லை. அதனால் டெலிகிராஃப், செய்தி தன் கைக்கு வந்த நேரத்தையே முத்திரை குத்திவிட்டது. ரீடிங் எடுக்கப் போகிற ஏஜென்டுக்கு இது சரியான பழக்கம்தான், பார்த்த நேரமும் நடந்த நேரமும் ஒன்று என்பதால். வரிசையிலிருந்து வாங்கும்போது அவை இரண்டும் வேறு வேறு. கருவி இணையத்திலிருந்து என்டிபி மூலம் நேரத்தைத் தெரிந்துகொண்டு ஒவ்வொரு ஜேசனிலும் சேர்த்து அனுப்ப வேண்டும். டெலிகிராஃபில் ஜேசன் டைம் கீ எது, அதன் வடிவம் யுனிக்ஸ் நேரமா என்று குறிப்பிட வேண்டும். இதில் இலவச இணைப்பாக இன்னொரு நன்மையும் உண்டு. கியூஓஎஸ் 1-ல் ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம். அளவீட்டின் பெயர், டேக், நேரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இன்ஃப்ளக்ஸ்டிபி பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும், இரட்டைக் கணக்கு வராது.

டெலிகிராஃபுக்குள்ளேயும் ஒரு கூட்டல் கழித்தல் இருக்கிறது. எழுதி முடிக்காத செய்திகள் 1000 ஆனதும் அது மேற்கொண்டு படிப்பதை நிறுத்தும். நினைவகத்தில் 10,000 அளவீடுகள் வரை வைத்துக்கொள்ளும். தாண்டினால் பழையதைக் கீழே போட்டுவிடும். தொட்டிக்கு ஒரு செய்தி, ஒரு அளவீடு, பிரச்சினை இல்லை. ஒரே செய்தியில் 20 அளவீடுகளைக் கட்டி அனுப்புகிறவர்களுக்கு 1000 செய்தி என்பது 20,000 ஆகிவிடும். தரவுத்தளம் கொஞ்ச நேரம் படுத்தால் பாதி காலி. இரண்டுமே மாதிரிக் கோப்பில் வரும் எண்கள்தான், தனித்தனியாகப் பார்த்தால் நல்ல பிள்ளைகள். ராபிட்எம்க்யூ, காஃப்கா வழியாக வாங்குகிறவர்களுக்கும் இந்த 1000 உண்டு, அவர்களும் ஒரு தடவை பெருக்கிப் பார்ப்பது நல்லது.

ஒருநாள் நண்பன் ஒருவன் வீட்டுப்பாடம் பார்த்து எழுதுவது போல அந்தக் கோப்பை அப்படியே தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தான். கிளையன்ட் ஐடியும் அதே. ஒரே ஐடியில் இரண்டாவது ஆள் வந்தால் புரோக்கர் முதல் ஆளை வெளியே தள்ளும். அவர் மறுபடி வருவார், இவர் வெளியே. அரைமணி நேரம் இந்த மியூசிக்கல் சேர் நடந்தது.

நான்காவது இரவின் வரைபடம்தான் முதல் உண்மையான வரைபடம். 11 மணிக்குள் தொட்டி கிட்டத்தட்டக் காலி. இரண்டேகால் மணிக்கு யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள். மூன்று மணிக்கு நிரம்பியது, அதன் பிறகு 50 நிமிடம் கோடு உச்சியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதாவது வழிந்திருக்கிறது. தண்ணீர் வரவில்லை என்றதும் உண்மை, வீணாகிறது என்றதும் உண்மை. குழாய்களுக்கு அதில் சம்பந்தமில்லை. மோட்டாருக்கு ஒரு டைமர் வாங்கிப் போட்டார்கள்.

மிச்சம் இரண்டு விஷயம். மஸ்கிட்டோ தன் வரிசையை நினைவகத்தில்தான் வைத்திருக்கும். வட்டில் சேமி என்று பெர்சிஸ்டென்ஸை இயக்கினாலும், தானாகச் சேமிப்பது 1800 வினாடிக்கு ஒரு தடவைதான். யூபிஎஸ்ஸும் கைவிட்டால் அரைமணி நேரம் வரை போய்விடும். எஸ்டி கார்டின் ஆயுளை நினைத்து அவன் அதைக் குறைக்கவில்லை, அது நியாயம்தான். இரண்டாவது, ஒரு கிளையன்டுக்கு மஸ்கிட்டோ வரிசையில் வைப்பது இயல்பாக 1000 செய்திதான் (2.0-க்கு முன்பு 100, அதாவது ஐம்பது நிமிடம்!). 960 தப்பித்தது அதிர்ஷ்டம். சனி மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை 6 மணி வரை ஆய்வகம் மூடியிருந்தால் 4320 செய்திகள். வரிசை நிரம்பிய பிறகு வருவது உள்ளே நுழைவதே இல்லை. வரம்பை 5000 ஆக்கி வைத்திருக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு அது போதாது, அப்போது தொட்டியை உபயோகிக்க விடுதியில் ஆளும் இருக்காது.