வடகடல் சங்கு, தென்கடல் சங்கு

என் அம்மாவைப் பெற்ற தாத்தா தூத்துக்குடியில் ஒரு சங்குக் கிட்டங்கியில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். கண்ணை மூடிக்கொண்டு சங்கின் தலையைக் கட்டைவிரலால் தடவியே, வடகடலில் எடுத்ததா தென்கடலில் எடுத்ததா என்று சொல்லிவிடுவாராம். நான் அவரைப் பார்த்ததில்லை. சங்கு என்றாலே எல்லாரும் வலம்புரிக் கதையைத்தான் எடுக்கிறார்கள். அபூர்வமான ஒன்றுக்கு அத்தனை கதை. மற்ற சங்கெல்லாம் ஒரே மாதிரி என்று விட்டுவிடுகிறார்கள். தாத்தாவின் விரலுக்குத் தெரிந்தது என்ன என்ற கேள்வி என்னை விடவில்லை.

வியாபாரத்தில் இதற்குப் பெயர்களே உண்டு. ராமேஸ்வரத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவில் கிடைப்பது பட்டி: தலை சப்பை, உடம்பு அகலம். தெற்கே மன்னார் வளைகுடாவில் கிடைப்பது ஜாதி: தலை கூர்ந்து நீண்டிருக்கும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1916இல் இந்திய அருங்காட்சியக வெளியீட்டில் வடிவத்தை வைத்து வகைகளாகப் பிரித்தார். ஒரு வகைக்குக் கன்னியாகுமரியின் பெயர். பிரித்தது சரி. ஏன் பிரிந்தன?

இளமையில் சங்கு குளித்த பெரியவர் ஒருவரிடம் போனேன். அவருக்குச் சந்தேகமே இல்லை. “ஜாதி ஆம்பளை, பட்டி பொம்பளை தம்பி. இதுல என்ன ஆராய்ச்சி?”

“அப்படின்னா வடகடல்ல ஆம்பளையே கிடையாதாய்யா?”

“சேர்றதுக்குத் தெற்க வரும்.”

“அவ்வளவு தூரம் நடந்தா?”

“வரும்னா வரும்.”

எத்தனை விதமாகக் கேட்டாலும் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. சங்கில் ஆணும் பெண்ணும் தனித்தனி என்பது உண்மைதான். அதனாலேயே அவர் பேச்சை எளிதில் தள்ள முடியவில்லை. மறுபடி மறுபடி போனேன். கடைசியில், பட்டிதான் பெண் என்று நிரூபிக்க, உள்ளேயிருந்து ஒரு முட்டைக்கூட்டை எடுத்து வந்தார். வடகடலில் அவரே எடுத்தது. கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம், ஆட்டுக்கடாக் கொம்பு போல முறுக்கிக்கொண்டு, காய்ந்த தோல் நிறத்தில் இருந்தது. வரிசை வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறை விளிம்பிலும் குஞ்சு வெளியேறிய சின்னக் கீறல். நகம் நுழையும் அளவு. அடிப்பகுதி மட்டும் தட்டையாக விரிந்திருந்தது. மணலில் ஊன்றி நிற்பது அதுதான்.

“தெற்கயும் இது கிடைக்குமாய்யா?”

“ஏன் கிடைக்காது? நிறைய எடுத்திருக்கேனே.”

இரண்டு கடலிலும் முட்டை இருக்கிறது என்றால் இரண்டிலும் ஆணும் பெண்ணும் இருந்தாக வேண்டும். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் என் கவனம் அதற்குள் அந்தக் கீறல்களுக்குப் போய்விட்டது.

கடல் நத்தைகள் பலவற்றின் குஞ்சுகள் பிறந்ததும் நீரோட்டத்தில் மிதந்து ஊர் ஊராகப் போய்விடும். சங்குக்கு அந்த மிதக்கும் பருவம் கிடையாது. கூட்டைவிட்டு வரும்போதே அது ஓடு சுமந்த குட்டிச் சங்கு. தரையில் ஊர்ந்து, புழு தின்று, பிறந்த மணலுக்குப் பக்கத்திலேயே வளர்கிறது. தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்துக்குள்ளேயே உறவு. வடகடல் ஆழம் குறைந்த, வண்டல் நிறைந்த, அடங்கிய கடல். தென்கடல் ஆழமும் அலையும் மணலும் பாறையுமானது. இரண்டும் கலக்காமல் இருந்தால் வடிவம் பிரிவதற்கு வழி திறந்துதான் இருக்கிறது.

இடம் ஓட்டின் வடிவத்தை மாற்றிவிடும் என்பதைக் கண்ணெதிரே காட்டியவர்கள் சுவீடன்காரர்கள். அங்கே மேற்குக் கரைப் பாறைகளில் வாழும் ஒரு சிறு நத்தைக்கும் மிதக்கும் பருவம் இல்லை. தாய் குஞ்சாகவே ஈனும். நண்டு உள்ள கரையில் அது பெரிதாக, ஓடு தடித்து, வாய் சிறுத்திருக்கும். அலை அறையும் பாறையில் பொடியாக, ஓடு மெலிந்து, பிடித்துக்கொள்ளும் பாதத்துக்காக வாய் அகன்றிருக்கும். 1988இல் நச்சுப் பாசி பெருகி, கடலுக்குள் இருந்த சிறு பாறைத்தீவுகளில் இந்த நத்தை அழிந்துபோனது. கெர்ஸ்டின் யோஹானசன் 1992இல் நண்டுக்கரை நத்தைகள் சுமார் 700ஐ அப்படியொரு பாறையில் கொண்டுபோய் விட்டார். சுமார் 30 தலைமுறைக்குள் அவற்றின் வாரிசுகள் அலைப்பாறை நத்தைகளின் வடிவத்துக்கு வந்துவிட்டன. முடிவு 2024இல் வெளியானது. படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வடிவத்துக்கான மரபுக்கூறுகளில் பல, கொண்டுபோன நத்தைகளுக்குள் ஏற்கெனவே சிறுபான்மையாக ஒளிந்திருந்தவை. சில அக்கம்பக்கத்து நத்தைகளிடமிருந்து வந்து சேர்ந்தவை.

சுவீடனில் நத்தை அழிந்த பாறைக்கு ஒரு மனிதர் நத்தையை எடுத்துப் போனார். இங்கே அப்படி இல்லை. பாக் விரிகுடாவின் தரையை இழுவை மடிகள் பல பத்தாண்டுகளாக வாரிக்கொண்டிருக்கின்றன. மணலில் ஊன்றிய முட்டைக்கூடும் அதில் சேர்ந்தே வருகிறது. ஓரிடத்தில் பட்டிச் சங்கு அற்றுப்போனால், மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்பக் குஞ்சுகள் இல்லை. பக்கத்து மணலில் மிச்சமிருப்பவைதான் ஊர்ந்து வந்து சேர வேண்டும்.