சமையல் மேடைக் கல்லும் அதை அறுக்கும் கையும்

வீடு கட்டுகிறவர்கள் வாசற் கதவுக்காகப் பத்துக் கடை ஏறி இறங்குவார்கள். மூன்று வேளையும் கை படுகிற சமையல் மேடைக் கல்லை மட்டும், "மேஸ்திரி பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். சென்ற வருஷம் நம் வீட்டு அடுக்களையில் பழைய மேடையை எடுத்துவிட்டுப் புதுக் கல் போட நேர்ந்தபோது, கல்லையும் ஆளையும் நாமே பார்த்துத் தேர்ந்தெடுப்பதென்று தீர்மானித்தோம். பள்ளிக்கூடத்தில் ரஸாயனம் போதிக்கிறவர்களுக்குக் கல்லின் மேல் கொஞ்சம் சபலம் இருப்பது இயற்கைதானே!

கடைக்காரருக்கு எல்லாக் கல்லும் முதல் தரந்தான். அவரோடு வாதாடிப் பிரயோஜனமில்லை. கைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தால் போதும். கல்லின் உடைந்த துண்டொன்றை வாங்கி, மெருகேறிய பக்கத்தில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சலவைக்கல்லும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தவை. புளிப்புப் பட்ட இடத்தில் மெருகு போய் மங்கலான தழும்பு விழும். கிரானைட் என்று பெயர் சூட்டி விற்கும் கருங்கல் அந்தச் சாற்றுக்கு மசியாது. நம் அம்மியும் ஆட்டுக்கல்லும், 1010-ஆம் வருஷத்தில் கட்டி முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலும் அந்தக் குலத்தைச் சேர்ந்தவையே. ரசமும் புளிக்குழம்பும் கொதிக்கிற வீட்டில் வெள்ளைச் சலவைக்கல் மேடை போடுவது, வெள்ளை வேஷ்டியுடன் நாற்று நட இறங்குவது போலத்தான்.

ஆள் அமர்த்தும்போது சதுர அடிக்கு என்ன கூலி என்பதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. விளிம்பை உருட்டுவதும், தொட்டிக்குத் துவாரம் போடுவதும், ஓரத்தின் அடிப்புறத்தில் நீர் வழியாமலிருக்கச் சிறு பள்ளம் இழுப்பதும் அந்தக் கூலியில் அடங்குமா என்று முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும். தொட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே துவாரத்துக்கு அளவெடுக்க வேண்டும். துவாரத்தின் மூலைகள் சற்று வளைந்திருப்பது அவசியம். கூர்மூலையாக வெட்டினால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

நம்மிடம் வந்த கல் வேலைக்காரர் கெட்டிக்காரர். முப்பது வயதுக்கு மேல் இராது. கொல்லையில் பலகையைச் சாய்த்து, கை யந்திரத்தால் வரண்ட கல்லையே அறுக்கத் தொடங்கினார். இரண்டே நிமிஷத்தில் அவர் புருவமெல்லாம் அரிசி மாவு பூசினாற்போல் வெளுத்துவிட்டது. முகத்தில் ஒரு துண்டு கட்டியிருந்தார், அவ்வளவுதான் பாதுகாப்பு.

"தண்ணீர் விட்டு அறுக்கலாமே, அப்பா?" என்றோம்.

"கரண்டு அடிச்சுடும், டீச்சரம்மா! பதினைஞ்சு வருஷமா இப்படித்தான். ராத்திரியிலே கொஞ்சம் இருமல், வேறே ஒண்ணுமில்லே."

அந்த இருமலைக் கேட்டபின் நமக்கு மேடை மேல் இருந்த ஆசை பாதி குறைந்துவிட்டது. கருங்கல்லில் கணிசமான பங்கு படிகக் கல். அதன் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, மெல்ல மெல்லத் தழும்பாக்கிவிடும். சிலிகோசிஸ் என்னும் அந்த வியாதி வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. படிகத்தூளைப் பிசினோடு சேர்த்து வார்க்கும் செயற்கைக் கல்லில் இந்த அபாயம் இன்னும் அதிகம். அதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அதை விற்பதையும் பதிப்பதையும் தடை செய்தது.

மின்சாரத்துக்கு அவர் பயந்ததும் நியாயமே. சாதாரணக் கை யந்திரத்தின் மேல் நீர் ஊற்றுவது விபரீதம். ஆகவே வேலையை நிறுத்தி, அளவை அட்டையில் வெட்டிக்கொண்டு, நீர் பாய்ந்தபடியே அறுக்கும் பெரிய யந்திரமுள்ள பட்டறைக்குப் பலகைகளை அனுப்பினோம். தொட்டித் துவாரமும் அங்கேயே போட்டாயிற்று. வண்டிக் கூலியும் பட்டறைக் கூலியும் அதிகப்படியாகச் சேர்ந்தன. இரண்டு நாள் தாமதமும் ஆயிற்று. அந்த இரண்டு நாளுக்கும் அவருக்குக் கூலி கொடுத்தோம். தாமதத்துக்கு அவர் காரணமல்லவே! "இப்படிக் கேட்கிறவங்க யாருமில்லே" என்றார் அவர். கேட்கிற வீடுகள் பத்து இருந்தால் பட்டறைக்குப் போவதே பழக்கமாகிவிடும் என்பது நம் எண்ணம். கல் அறுக்க ஆள் வைக்கும் நேயர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

மேடை வந்தபின் பராமரிப்பு சொற்பமே. குளியலறைக்கு வைத்திருக்கும் ஆஸிட்டை இதன் பக்கம் கொண்டுவரலாகாது. மிருதுவான சோப்பு நீரும் ஈரத் துணியும் போதும். எண்ணெய்க் கறை படிந்தால், சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துக் கனமாகப் பூசி, மூடி, மறுநாள் எடுக்க வேண்டும். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே கல்லில் வைக்காமல் ஒரு மனைப் பலகை போடுவது நல்லது; மேற்பூச்சுக்கும் கல்லுக்கும் திடீர்ச் சூடு ஆகாது. தொட்டியைச் சுற்றிப் பூசிய பசை நாளடைவில் விட்டுப்போகும். அதை வந்து பார்த்துச் சரி செய்து தருவதையும் கூலி பேசும்போதே பேசிவிட்டோம். தீபாவளிக்கு முன் ஒரு நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.